அக்கினி மூலையில் படுத்திருந்த எருமை

சூடேறிய பாறையின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டினால் ‘சொய்ங்’ என்ற ஓசையோடு ஒரு வாசனை கிளம்பும். மழை பட்ட மண்ணின் வாசனையைப் பற்றி நம்மவர்கள் வேண்டிய அளவுக்கு உருகிவிட்டார்கள், இது வேறு. அதில் கொஞ்சம் இனிப்பு உண்டு, இதில் கிடையாது. சிறுவயதில் இரும்புச் சாவியை நாக்கில் வைத்துப் பார்த்தவர்களுக்கும் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தவர்களுக்கும் பாதி புரியும். மீதியைத் தெரிந்துகொள்ள அந்தக் காலத்து நாமக்கல்லில் ஒரு சித்திரை மாதத்து மாலையில் வந்து நின்றிருக்க வேண்டும். ஊரின் நடுவில் நிற்கும் அந்த ஒற்றைப் பெரும்பாறை பகலெல்லாம் குடித்த வெயிலைப் பொழுது சாய்ந்ததும் தெருத்தெருவாகக் கக்க ஆரம்பிக்கும். அடிவாரத்தில் குடியிருந்தவர்களுக்குப் பனையோலை விசிறி ஆறாவது விரல் மாதிரி. பெண்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் வாசலோரப் பாறைமேல் வீசுவார்கள், அதிலாவது கொஞ்சம் தணியட்டும் என்று. தணியாது. வாசனைதான் வரும்.

எங்கள் வீட்டில் அந்த வாசனை வாசலில் வராது, அடுப்படிக்குள் வரும். ஏனென்றால் எங்கள் பாறை அடுப்படிக்குள் இருந்தது.

நான் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுப் பிழைக்கிறவன். இதை ஊர்க்காரர்களுக்கு விளக்குவதற்குள் பல பேருந்துகள் போய்விடும். “மேஸ்திரிங்களா?” என்பார்கள். இல்லை என்பேன். “அப்ப இஞ்சினீருங்களா?” அதுவும் இல்லை என்றால், இரண்டுமில்லாமல் இவனுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்ற கவலை அவர்கள் முகத்தில் தெரியும். பட்டணத்தில் நிலைமை கொஞ்சம் தேவலை, அங்கே என்னைக் கூட்டங்களுக்குக் கூப்பிட்டு, “உங்கள் கட்டடக்கலைச் சிந்தனையைப் பாதித்தவர் யார்?” என்று கேட்கிறார்கள். கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் இதற்குப் பதிலாக வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்களைச் சொல்வார்கள். நான், நாமக்கல்லில் ஒரு குகைக்கோயில், கூரையில்லாத ஒரு சாமி, என் அம்மாவின் அடுப்பு என்று சொல்வேன். கைதட்டுவார்கள். கைதட்டல் மோசமான பழக்கம். ஒரு தடவை வாங்கியதை மறுபடியும் சொல்லத் தூண்டும். நான் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் குகைக்கோயில். எங்கள் ஊர் நரசிம்மர் மலையின் மேற்குப் பக்கத்திலும் அரங்கநாதர் கிழக்குப் பக்கத்திலும் பாறைக்குள்ளேயே இருக்கிறார்கள். கோயிலைக் கட்டிவிட்டு உள்ளே சாமியைக் கொண்டுவந்து வைத்த கதை இல்லை. சாமி, சுவர், தூண், தரை, கூரை எல்லாம் அதே பாறை. வேண்டாததை எடுத்துவிட்டார்கள், மிச்சம் கோயிலாக நின்றுவிட்டது. வீடு என்றால் செங்கல்லையும் மண்ணையும் வண்டியில் ஏற்றி வந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது என்று நினைத்திருந்த எனக்கு, வைக்காமலே கட்டிய இடம் ஒன்று உண்டு என்ற செய்தி ஏழெட்டு வயதில் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. உடனே செய்து பார்க்கத் தோன்றியது. பெரியம்மா துணி துவைக்க வைத்திருந்த சவுக்காரக் கட்டியை எடுத்துக் கவராயத்து முள்ளால் குடைந்து, இரண்டு தூணும் உள்ளே ஒரு சாமியுமாகக் கோயில் எடுத்தேன். சாமிக்கு மூக்கு வருவதற்குள் பெரியம்மா வந்துவிட்டார். முதுகில் விழுந்ததைவிட, சுரண்டிப்போட்ட தூள் தரையெங்கும் சிந்திக் கிடந்ததும் அதை நானே கூட்டி அள்ள வேண்டியிருந்ததும்தான் எனக்குப் பெரிய படிப்பாக அமைந்தன. இத்தனூண்டு கோயிலுக்கே இவ்வளவு தூள் என்றால், நரசிம்மருக்காகக் குடைந்தெடுத்த கல்லெல்லாம் எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தேன். கோயில் பட்டர், போன கல்லைக் கேட்கப்படாது, இருக்கிற சாமியைப் பார் என்று துளசியைக் கையில் போட்டு அனுப்பிவிட்டார். அப்பா உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படும் உத்தியோகம். மலைமேல் கோட்டைச் சுவர் இருக்கிறதே, அதற்குப் போயிருக்கும் என்றார். பிறகு அவரே, கோட்டை பல நூறு வருடம் பிந்தியதாயிற்றே, அதுவரை கல் எங்கே காத்திருந்தது என்று யோசித்து, சவரக் கண்ணாடி முன் பாதி முகத்துச் சோப்போடு வெகுநேரம் நின்றுவிட்டார். பெரியப்பா லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். ஊரில் அந்தத் தொழில் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தது. உலகத்தில் எதைக் கேட்டாலும் அவருக்கு லாரியாகத்தான் காதில் விழும். “அத்தனையும் எதுல ஏத்துனானுங்க? அன்னிக்கு லாரியா இருந்துச்சு?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்குக் கிடைத்த பதில்களிலேயே அதுதான் உருப்படியானது.

அவரிடமே இன்னொரு கேள்வியையும் கேட்டேன். நரசிம்மருக்கு எதிரே சற்றுத் தள்ளி ஆஞ்சநேயர் கைகூப்பி நிற்கிறார், ஒரே கல்லில், ஆள் உயரத்துக்கு மூன்று மடங்காக. அவருக்குக் கூரை கிடையாது. வெயிலும் மழையும் அவர் தலையில் நேராக விழும். அவர் வளர்ந்துகொண்டே இருக்கிறார், கூரை போட்டால் இடித்துத் தள்ளிவிடுவார் என்பது ஊர்க்கதை. பெரியப்பா அதற்குள்ளெல்லாம் போகவில்லை. பிள்ளைகளையும் ‘சாமி’ என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். “லோடு ஒசரமாப் போச்சுன்னா மேல மூட முடியாது சாமி. அவரு ஓப்பன் பாடி” என்றார். பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்தப் பாவம் பட்டறைக்கு வந்துவிடக் கூடாதென்று அடுத்த சனிக்கிழமை வடைமாலைக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

நாங்கள் இருந்தது பெரியப்பாவின் வீட்டில். கோட்டைப் பக்கத்தில் நீளமான ஓட்டு வீடு. இரண்டு குடும்பங்கள், ஒரு அடுப்பு. அந்த அடுப்பு பெரியம்மாவுடையது. பெரியம்மா கெட்டவர் அல்ல. என் அம்மாவை “கண்ணு” என்று கூப்பிட்டு, சொந்தத் தங்கை மாதிரித்தான் நடத்தினார். சொந்தத் தங்கையை அடுப்புக்குக் கிட்டே விடுவாரா என்பதுதான் கேள்வி. அரிவதும் அரைப்பதும் அம்மா, தாளிப்பது பெரியம்மா. உப்பு போடும் அதிகாரம் ஒரு நாளும் கைமாறவில்லை. என் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தன் கையால் ஒரு குழம்புக்கு உப்புப் போட்டதில்லை என்பது எனக்குப் பெரியவனான பிறகுதான் தெரிந்தது. ஆனால் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பது அந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். ஊரில் யாராவது புதுவீடு புகுந்தால் எல்லாரும் நிலவாசலையும் உத்தரத்தையும் பார்க்கும்போது, அம்மா நேராக உள்ளே போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார்.

அப்பா வீடு கட்டத்தான் போகிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கட்டிக்கொண்டேதான் இருந்தார், காகிதத்தில். பழமும் பானையும் வரைந்து அலுத்த கை அவருக்கு. சாயங்காலமானால் கெட்டி அட்டையை விரித்துப் பென்சிலைச் சீவிவிடுவார். வளைவு வைத்த வீடு, வெளிநாட்டுப் படத்தில் வருகிற மாதிரி உச்சியில் கூம்பு வைத்த வீடு, மாடியில் கிளிக்கூண்டு தொங்கும் வீடு. எல்லாவற்றுக்கும் வண்ணம் தீட்டுவார். வாசலில் ஒரு தென்னை மரமும் அதன்கீழ் ஒரு நாயும் கட்டாயம் உண்டு. அம்மா எட்டிப் பார்த்து, “இதுல அடுப்பு எங்கீங்க?” என்று மட்டும் கேட்பார். அப்பா அவசரமாக ஒரு மூலையில் சின்னச் சதுரம் போடுவார்.

அப்படி இருக்கையில் மலைக்கு மேற்கே, அடிவாரத்துச் சந்து ஒன்றில் ஒரு மனை விலைக்கு வந்தது. சுற்றுவட்டத்து விலையோடு பார்த்தால் சந்தேகப்படும்படி மலிவு. அப்பா போய்ப் பார்த்தார். மலை தெரிகிறது, காற்று வருகிறது, கோபுரம் தெரிகிறது என்று பூரித்துப்போய் முடித்துவிட்டார். எல்லாவற்றையும் நிமிர்ந்தே பார்த்தவர் ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம். செடிகொடிகளை வெட்டிச் சுத்தம் செய்தபோது ஒரு மூலையில் பாறை ஒன்று வெளிப்பட்டது. முழங்காலை மடக்கிப் படுத்திருக்கும் எருமையின் அளவு, எருமையின் நிறம், முதுகும் எருமைக்கு உள்ளது மாதிரியே. பெரிய மலை சந்தடியில்லாமல் மண்ணுக்கடியில் நகர்ந்துவந்து எங்கள் மனையில் தலையை நீட்டியிருந்தது. சந்தில் அன்றே அதற்கு ‘எருமை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அது எந்த மூலையில் வேண்டுமானாலும் படுத்திருக்கலாம். தென்கிழக்கில் படுத்திருந்தது. மனையடி சாஸ்திரம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: தென்கிழக்கு அக்கினி மூலை, அடுப்பு அங்கேதான் இருக்க வேண்டும். வேறு மூலையில் வைத்தால் என்னென்ன நடக்கும் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். ஆக, பத்து வருடமாக அம்மா காத்திருந்த அடுப்பின் மேல் ஓர் எருமை ஏறிப் படுத்துக்கொண்டுவிட்டது.

கல் உடைக்கிறவர்களைக் கூட்டி வந்தார்கள். வெடி வைத்தால் ஒரு நாள் வேலை என்றார்கள். மலைக்கும் கோயிலுக்கும் இவ்வளவு பக்கத்தில் வெடி வைக்க யார் அனுமதி கொடுப்பார்கள்? விறகைப் பரப்பி நெருப்பு மூட்டி, சூடேறியதும் தண்ணீர் ஊற்றினால் பாளம் பாளமாகப் பெயரும் என்று அதையும் செய்து பார்த்தார்கள். சந்து முழுக்கப் புகை. ஒரு தோசை அளவுக்குத் தோல் உரிந்து வந்தது. எருமை அசையவில்லை. அன்றுதான் அந்த வாசனையை முதன்முதலாக மிக அருகில் நின்று பிடித்தேன். மற்றவர்கள் இருமிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றதை அம்மா பார்த்துவிட்டு, இவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று இரவு மிளகாய் சுற்றிப் போட்டார். உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கத்தான் வேண்டும், நாளாகும், ரொம்ப நாளாகும் என்றார்கள் கல்லுடைக்கிறவர்கள்.

அப்பா அதைப் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் எல்லாருக்கும் தெரிவித்தார். பாறை வேலை முடியட்டும், இந்தத் தை வேண்டாம், அடுத்த தையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்ததை இப்போது நினைத்தால் புரிகிறது. ஒரு வருடத்துக்கு வண்ணப் பென்சிலைக் கீழே வைக்க வேண்டாம். பெரியம்மாவும் ஆறுதலாக, “அடுத்த தைக்குப் போனாத்தான் என்ன கண்ணு? இங்க அடுப்பு அணைஞ்சா போச்சு?” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அம்மா கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் நிலைப்படியில் நின்றிருந்தார். பெரியப்பா இருக்கும் இடத்தில் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அன்று கையிலிருந்த அரிவாள்மணையைச் சுவரோடு சாத்திவைத்துவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

“ஏனுங்க, நரசிம்மசாமி பாறையப் பேத்துப் போட்டுட்டா உக்காந்திருக்கறாரு? பாறைக்குள்ளாறயேதானுங்க உக்காந்திருக்கறாரு. சாமிக்கு ஆவறது எனக்கு ஆவாதா? அது பாட்டுக்கு இருக்கட்டும். அதும்மேலயே அடுப்பப் போடுங்க.”

பாறை மேல் அடுப்பு வைத்தால் உட்கார்ந்து சமைப்பது எப்படி என்று பெரியம்மாதான் முதலில் கேட்டார். நின்றுகொண்டு சமைக்கிறேன் என்றார் அம்மா. “நின்னுக்கிட்டு ஆக்கறதா? அது ஓட்டல்லயல்ல ஆக்குவாங்க” என்றார் பெரியம்மா. நல்லது கெட்டது சொல்ல வேண்டிய பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

“அடியில சேஸி கெட்டியா இருக்குது. பாடிதானே, கட்டிப்போட்டாப் போவுது.”

வீடு அந்த வருடத்துத் தையிலேயே தொடங்கியது. எருமையின் முதுகை மட்டும் உளி வைத்துக் கொஞ்சம் மட்டமாக்கி, அதன்மேல் மண்ணால் ‘கொடியடுப்பு’ பூசினார்கள். ஒரு பெரிய வாயும் பக்கத்தில் சின்ன வாயுமாக. சுவர்கள் பாறையைச் சுற்றிக்கொண்டு எழும்பின. அதனால் அந்த அறை சதுரமாகவும் இல்லை, வட்டமாகவும் இல்லை. அப்பா தன் படங்களில் ஒன்றைக்கூட உபயோகிக்க முடியாமல் போனதில் சில நாள் வருத்தமாக இருந்தார்; பிறகு கட்டி முடித்த வீட்டைப் பார்த்து ஒரு படம் வரைந்து, தென்னை மரத்தையும் நாயையும் சேர்த்துக்கொண்டார். குடிபோன அன்று அம்மா பால் காய்ச்சி இறக்கிவிட்டு, ரசம் வைத்தார். அதற்கு உப்புப் போட்டுவிட்டுக் கையை உதறாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கூட்டத்தில் பாதி அவர் நின்றுகொண்டு சமைப்பதைப் பார்க்க வந்தது. பெரியம்மா முதல் வாய் ரசத்தைக் குடித்துவிட்டு, “உப்புக் கொஞ்சம் தூக்கல்” என்றார். அம்மா, “ஆமாங்கக்கா” என்றார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு குறையை யாரும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அந்தப் பாறையோடு வாழ்ந்தது எப்படி என்று கேட்டால், கால் கட்டைவிரலைக் காட்டுவேன். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் வலது கால் நகம் கறுத்திருக்கும். எருமையின் வால்பக்கம் தரையோடு தரையாக நீண்டு கிடந்தது, தண்ணீர் குடிக்க அவசரமாகப் போனவர்களை அது விட்டதில்லை. ஐப்பசியில் அதன் விலாவிலிருந்த ஒரு வெடிப்பில் தண்ணீர் கசியும். அந்த வெடிப்பிலேயே அம்மா வெயில் காலத்தில் தீப்பெட்டி வைப்பார். தோசைக்கல் அளவில் ஒரு குழி இருந்தது, அதில் உப்புச் சட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. சமையல் முடிந்து வெகுநேரம் ஆன பிறகும் பாறையில் சூடு இருக்கும். மார்கழியில் நானும் தம்பியும் அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு வாய்ப்பாடு படிப்போம். சித்திரையில் அதே சூட்டுக்காக அம்மா அதைத் திட்டிக்கொண்டே பொழுது சாயும்போது சொம்புத் தண்ணீரைக் கொட்டுவார். ‘சொய்ங்.’ இந்தத் திட்டுதான் பின்னால் முக்கியமாகப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் வாசனையைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் நடுவில் பட்டணத்துக்குக் கட்டடக்கலை படிக்கப் போனேன். பேராசிரியர் இருட்டறையில் திரையில் படங்களாகப் போட்டுக் காட்டினார். ஒரு மேல்நாட்டு வீட்டில் கணப்புக்குப் பக்கத்தில் ஒரு பாறையை அப்படியே விட்டிருந்தார்கள். வகுப்பே ‘ஆ’ என்றது. “எங்க ஊட்டு எருமை” என்று நான் வாய்தவறிச் சொல்ல, பக்கத்திலிருந்தவன் என்னை அதற்குப் பிறகு படிப்பு முடியும்வரை எருமை என்றே கூப்பிட்டான். ஆனால் எனக்கு அன்று ஒரு வழி கிடைத்துவிட்டது. மனையில் எது இருக்கிறதோ அதை மதி, அதை விலக்காதே, அதனோடு இரு என்று ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டேன். கொள்கை வைத்திருப்பவன் அந்தக் கொள்கைப்படி கட்டிய வீட்டில் தானே குடியிருக்க வேண்டியதில்லை என்பது அதிலுள்ள வசதி. மற்றவர்கள் குடியிருந்தார்கள்.

பல்லாவரத்துக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வீடு கட்ட வந்தார். அவர் மனையிலும் ஒரு பாறை. என் மகிழ்ச்சியைப் பார்த்து அவர் பயந்திருக்க வேண்டும். கூடத்தின் நடுவில் அதை அப்படியே விட்டுச் சுற்றிலும் வீட்டைக் கட்டினேன். நரசிம்மர் கதையையும் அம்மாவின் வாக்கியத்தையும் சொல்லி அவர் மனைவியைக்கூடச் சம்மதிக்க வைத்தேன். இரண்டு வருடம் கழித்துப் போனபோது, பாறைமேல் பூப்போட்ட மேசைவிரிப்பைப் போர்த்தி அதன்மேல் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்திருந்தார்கள். இன்னொருவருக்கு ஆஞ்சநேயரை மனதில் வைத்துக்கொண்டு நடுமுற்றத்தைக் கூரையில்லாமல் வானத்துக்குத் திறந்துவிட்டேன். கார்த்திகையில் போன் செய்தார். “உங்க ஊர் சாமிக்கு நனைஞ்சா பரவாயில்லைங்க. எங்க சோபாவுக்கு ஆகாது” என்றார். இவையெல்லாம் நடந்த பிறகும் நான் மேடைகளில் பேசிக்கொண்டுதான் இருந்தேன். என் அம்மா, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், ஒரே வாக்கியத்தில் சொன்னதைத்தான் நான் என் தொழில் முழுக்கச் சொல்ல முயல்கிறேன் என்று முடிப்பேன். அந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். தணிப்பேன்.

சென்ற பங்குனியில் ஊருக்குப் போனேன். அப்பாவும் பெரியப்பாவும் பெரியம்மாவும் இப்போது இல்லை. அம்மா தம்பியோடு அதே வீட்டில் இருக்கிறார். தம்பி கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் கொடுக்கிறான். பேருந்து நிலையத்திலிருந்து சந்துக்குள் நுழைவதற்குள் மலை மூன்று இடத்தில் மாடிகளுக்குப் பின்னால் மறைந்து மறைந்து தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல் தண்ணீர் குடிக்க நேராக அடுப்படிக்குப் போனேன். அது அடுப்படியாக இல்லை. சதுரமான, வெளிச்சமான, மேடுபள்ளமில்லாத ஓர் அறை. தரையில் வெள்ளை ஓடு. சுவரோரமாகப் பளபளவென்று கறுப்புக் கிரானைட் மேடை, அதன்மேல் எரிவாயு அடுப்பு. எருமை எழுந்து போயிருந்தது.

திருச்செங்கோட்டிலிருந்து கம்ப்ரசர் வண்டி வந்து துளை போட்டு உடைத்துக் கொடுத்துவிட்டதாகத் தம்பி சொன்னான். பாறையை உடைத்து வெளியே அனுப்பிவிட்டு, இன்னொரு பாறையை அறுத்து மெருகேற்றி உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறாய் என்று நான் அவனிடம் ஆரம்பித்தேன், மேடைப் பழக்கம். அவன் பாவம், அம்மாவைக் கைகாட்டினான்.

“நாந்தாஞ் சாமி எடுக்கச் சொன்னேன்” என்றார் அம்மா. “குடி வந்த அன்னிக்கே நெனச்சேன், இந்தச் சனியன ஒரு நாளைக்கு ஒடச்சு எறியோணும்னு. இப்பத்தான் வாச்சுது.”

அப்படியானால் நரசிம்மசாமி பாறைக்குள் உட்கார்ந்திருப்பதாகக் கூடத்தில் சொன்னாயே என்று கேட்டேன். என் குரல் எனக்கே சற்றுச் சின்னப் பையனுடையது மாதிரி கேட்டது.

அம்மாவுக்கு முதலில் ஞாபகம் வரவில்லை. வந்ததும் சிரித்துவிட்டார். “அன்னிக்கு அதச் சொல்லலீன்னா உங்கொப்பா இன்னொரு வருசம் படம் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அதுக்கடுத்த தைக்கு இன்னொண்ணு வரும். சாமி பேரச் சொன்னா யாரும் எதிர்த்துப் பேசமாட்டாங்கல்ல? எனக்கு அடுப்பு வேணுமாயிருந்துச்சு சாமி. பாறைய எவ கேட்டா?”

அன்றைக்குக் கூடத்தில் சொன்ன அந்த வாக்கியத்தைத்தான் நான் இருபது வருடமாகப் பல ஊர்களில் பேசிவருகிறேன் என்று சொன்னேன். அம்மா என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். “அதக் கேக்கறதுக்கும் ஆளுங்க வாராங்களா?” என்றார்.

எதிர்பார்த்த அளவுக்கு எனக்கு வருத்தம் வரவில்லை. வந்தது ஒரு பழைய கேள்வி. உடைத்த கல்லெல்லாம் எங்கே போயிற்று என்று தம்பியிடம் கேட்டேன். “லாரிக்காரன் ஏத்திட்டுப் போயிட்டான்” என்றான். எங்கே? “எங்கியோ ரோட்டு வேலைக்கு.” எந்த ரோடு என்பது அவனுக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை லாரி இருந்தது; பெரியப்பா இருந்திருந்தால் அந்த அளவுக்குத் திருப்திப்பட்டிருப்பார். எனக்குத்தான் பதில் இன்னும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் வெக்கையாக இருந்தது. தம்பி மனைவி தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தாள். மருந்துக்கடை மாதிரி ஒரு மணம். நான் யாரும் பார்க்காதபோது ஒரு டம்ளர் தண்ணீரை அந்த மூலையில் தரையில் ஊற்றினேன். ஓடு அதைக் குடிக்கவில்லை, சத்தமும் போடவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வட்டமாக நின்றது. துண்டால் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்த வாசனைக்கு இனி மலைக்குத்தான் போக வேண்டும். மலையடியிலும் இப்போது சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார்கள்.

அம்மா காப்பி போட எழுந்தார். எரிவாயு அடுப்பு அவருக்குப் பிடித்திருக்கிறது. குனியாமல், ஊதாமல், இடிக்காமல். பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அலமாரியிலிருந்து மேடைக்கு நேராகப் போக வேண்டியவர், பாதி வழியில் சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் ஒதுங்கி, ஒன்றுமே இல்லாத தரையில் ஓர் அரைவட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டு போனார். எருமையின் வால் கிடந்த இடம். திரும்பி வரும்போதும் அப்படியே. பின்னாலேயே தம்பி மனைவி சர்க்கரை டப்பாவோடு அதே இடத்தைக் குறுக்காக நடந்து போனாள்.

காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிவைக்க எழுந்தேன். நானும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.